அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தை அரங்கில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும்? டிவியில் பார்ப்பதைவிட என்ன வித்தியாசம்?

மாணவர் பகுதியில் இடம் கிடைத்தால் உட்காரவே முடியாது. ஆட்டம் முடிகிற வரை நின்றுதான் பார்க்க வேண்டும். கால் வலிக்கிறதே என்று நடுவில் உட்கார்ந்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

நான் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன். ஊர் பெயர் லாரன்ஸ். கான்சாஸ் சிட்டியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் 1898இல் இங்கேதான் வேலைக்கு வந்தார். அணியின் முதல் பயிற்சியாளரும் அவரே. ஆட்டத்தையே கண்டுபிடித்த மனிதரின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி! இந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். 1891இல் அவர் எழுதிய 13 விதிகளின் மூலத்தாளை 2010இல் ஓர் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அந்தத் தாள் இப்போது அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் இருக்கிறது. ஆட்டத்துக்குப் போனால் கொஞ்சம் முன்னதாகப் போய் அதையும் பார்த்துவிடுங்கள்.

அரங்கத்தின் பெயர் ஆலன் ஃபீல்டுஹவுஸ். 1955இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் கிடங்கு மாதிரிதான் இருக்கும். நான் இருந்த காலத்தில் உள்ளே பெரும்பாலும் நீள பெஞ்சுகள். அப்போது 16,300 பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். புது அரங்கங்களில் இருக்கும் சொகுசுக்கு அப்போது அங்கே வேலையில்லை. ஆனால் கூட்டம் ஆடுகளத்தை நெருங்கி இருப்பதால், எழுகிற சத்தம் எங்கேயும் கலையாமல் திரும்ப நம் தலையிலேயே வந்து விழும்.

மாணவர்கள் இடம் பிடிக்கிற கதை தனி. 'கேம்பிங்' என்பார்கள். கூடாரம், பனி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். குழுக் குழுவாகப் பெயர் கொடுத்துவிட்டு, அரங்கத்தின் நடைபாதையில் காலையிலிருந்து இரவு வரை முறைபோட்டு இருக்க வேண்டும். அவ்வப்போது பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் குழுவில் ஒருத்தர்கூட இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரைத் தூக்கிவிடுவார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒருவன் பாதித் தேர்வுக்கு அந்த நடைபாதைத் தரையில் உட்கார்ந்துதான் படித்தான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவன் குழுவில் ஒட்டிக்கொண்டு, என் முறை வரும்போது மட்டும் போய் உட்கார்ந்தேன்.

நான் பார்த்ததிலேயே பெரிய ஆட்டம் 2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை இரவு, மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிராக. ஜனவரியில் அவர்கள் ஊரில் எங்களை நன்றாகவே சாத்தி அனுப்பியிருந்தார்கள், அதனால் கூட்டம் கொஞ்சம் சூடாகவே இருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் சடங்குகள். எதிரணி வீரர்களை ஒவ்வொருவராக அறிவிக்கும்போது மாணவர்கள் எல்லாரும் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் படிப்பதுபோல நிற்பார்கள். 'நீ யாராக இருந்தால் எனக்கென்ன' என்று சொல்லும் வேலை. பிறகு அதே தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துக் கையில் வைத்திருந்து, நம் வீரர்கள் பெயர் வரும்போது மேலே எறிவார்கள். விரலெல்லாம் அச்சு மை. என் பக்கத்தில் நின்ற பெண் கிழிப்பதில் தேர்ந்தவள். நான் பெரிய துண்டுகளாகக் கிழித்ததைப் பார்த்துப் பொறுக்காமல் என் தாளையும் வாங்கி அவளே கிழித்துக் கொடுத்தாள். அப்புறம் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆடியபடி பல்கலைக்கழகப் பாட்டு. முன்பின் தெரியாதவர் தோளில் கைபோட எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் போட்டுவிட்டார், நான் என்ன செய்வது!

சரி, ஆட்டம். மேற்கு வர்ஜீனியா களம் முழுக்க நெருக்கி ஆடும் அணி. பந்தை நடுக்கோடு தாண்டி எடுத்துப் போவதே பெரும்பாடு. மூன்று நிமிடம்கூட மிச்சம் இல்லாதபோது ஸ்கோர் 64-50. நாங்கள் பதினான்கு பாயிண்ட் பின்னால். எங்களுக்கு மேலே இருந்த வரிசைகளில் சில குடும்பங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பின. மறுநாள் வேலை நாள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததை டிவியில் பார்த்தவர்களுக்கு வீரர்கள்தான் தெரிந்திருப்பார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. நெருக்கி ஆடுவதற்குப் பேர்போன அணியைக் கான்சாஸ் நெருக்க ஆரம்பித்தது. பந்து கை மாறும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஒரு படி ஏறியது, இறங்கவே இல்லை. பக்கத்தில் நிற்பவன் வாய் அசைவது தெரியும், சொல் கேட்காது. களத்தின் ஓரத்தில் எங்கள் பயிற்சியாளர் பில் செல்ஃப் கையை ஆட்டிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி அரை நிமிடத்துக்குள் எங்கள் வீரர் ஃப்ராங்க் மேசனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியக் கிடைக்கும் வாய்ப்பு. இரண்டும் விழுந்தால் சமன். எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போது கூடைக்குப் பின்னால் கூட்டம் கையை ஆட்டி ஊளையிடும். நம் ஆள் போடும்போது வாயே திறக்காது. அவ்வளவு நேரம் கத்திய கூட்டம் சட்டென்று அடங்கியது. காதுக்குள் ரீங்காரம் மட்டும். மேசன் பந்தைத் தரையில் தட்டுவது மாணவர் பகுதி வரை கேட்டது. முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. 71-71.

அன்றைக்கு அந்த அரங்கத்தில் 130.4 டெசிபல் அளந்து கின்னஸ் சாதனை கொடுத்தார்கள். அளப்பதற்காகக் கத்தியதும் பெரிய சத்தம்தான். ஆனால் அந்த இரண்டாவது பந்து விழுந்தபோது எழுந்ததற்கு அது உறைபோடக் காணாது என்பேன். கருவி வைத்துச் சொல்லவில்லை, என் காதை வைத்துச் சொல்கிறேன்.

ஆட்டம் சமனில் நின்றதால் கொடுத்த கூடுதல் நேரத்தில், ஓவர்டைமில், 84-80 என்று ஜெயித்தோம். வெற்றி உறுதியானதும் 'ராக் சாக், ஜேஹாக், கேயூ' என்று மெதுவாக இழுத்துப் பாடும் கோஷம் ஒன்று உண்டு. ஜேஹாக் எங்கள் அணியின் பெயர், கேயூ பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஒரு வேதியியல் பேராசிரியர் வழியாக வந்த கோஷம் இது. வழக்கமாக ஆட்டம் முடிவதற்கு முன்பே அதை ஆரம்பித்துவிடுவார்கள். அன்று கடைசி வரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

டிவியில் நன்றாகத் தெரிவது நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஃபவுல் யார் மேல், எந்தத் திட்டத்தில் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் நேரில் பாதி புரியாது. 

நீங்கள் போவதாக இருந்தால் முதல் ஆட்டமே பெரிய ஆட்டமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்; டிக்கெட் விலை எக்கச்சக்கமாக ஏறும். சின்னக் கல்லூரிகள் விளையாட வரும் நவம்பர், டிசம்பர் ஆட்டங்களில் விலை குறைவு. செமஸ்டர் விடுமுறை தொடங்குவதற்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். கோட்டுக்கு உள்ளே மெல்லிய சட்டை போதும். வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் உள்ளே வியர்க்கும்.