212 கட்டுரை எழுதியவர் பெரிய டாக்டரா? – ஒரு நூலகரின் பதில்கள்

தஞ்சைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 22 வருடமாக இருக்கிறேன். டாக்டர்களின் ஆய்வுக் கட்டுரை, சைட்டேஷன் (ஒரு கட்டுரையை மற்றக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுவது) கணக்கு பற்றி வந்த கேள்விகளில் சில.

என் மகள் எம்.டி. சேரப் போகிறாள். வழிகாட்டியாக வரப்போகிறவர் 212 கட்டுரை எழுதியிருக்கிறாராம். நம்பலாமா? (மன்னார்குடி)

எண்ணிக்கையை அப்படியே ஒதுக்கி வையுங்கள். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. நடுவில் இருக்கும் பெயர்களில் எல்லா ரகமும் உண்டு. அவர் கடைசிப் பெயராக வந்த கட்டுரைகளில், முதல் பெயர் அவருடைய மாணவர்களுடையதா என்று பாருங்கள். மாணவர் பெயரை முன்னால் போட விடுகிறவர் என்றால் மகளைத் தைரியமாக அனுப்பலாம்.

ஹெச் இண்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் சைட்டேஷனையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல, 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன வழி. ஒருவருடைய 5 கட்டுரைகளை மற்றவர்கள் 90, 12, 4, 3, 0 தடவை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். குறைந்தது 3 தடவை காட்டப்பட்ட கட்டுரைகள் 3 வேண்டும், 4 இருக்கின்றன. குறைந்தது 4 தடவை காட்டப்பட்டவை 4 வேண்டும், 3தான் இருக்கின்றன. ஆகவே ஹெச் இண்டெக்ஸ் 3. அந்த 90 பிற்பாடு 900 ஆனாலும் 3தான்!

இம்பாக்ட் ஃபேக்டர் 6 உள்ள ஜர்னலில் எழுதினேன். என் மதிப்பு 6 என்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது ஜர்னலின் சராசரி; முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகள் ஓர் ஆண்டில் பெற்ற சைட்டேஷனை வைத்துப் போடுவது. ஊர் சராசரி மகசூலைக் காட்டி, என் ஒரு மா நிலத்திலும் இத்தனை கலம் விளைந்தது என்று யாராவது சொல்வார்களா?

ஸ்கோப்பஸில் எனக்கு 40 சைட்டேஷன், கூகுள் ஸ்காலரில் 71. எது சரி? (திருவாரூர், உதவிப் பேராசிரியர்)

இரண்டும் சரி. இரண்டுமே சைட்டேஷனை எண்ணித் தரும் இணையத் தளங்கள். ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ், நூல், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் எண்ணும். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: இனிஷியல். ரா. சுந்தரம் ஒரு கட்டுரையில் ‘சுந்தரம் ஆர்’ என்று வருவார். அடுத்ததில் அப்பா பெயரை விரித்து எழுதினால் ‘ராமசாமி எஸ்’ ஆகிவிடுவார். பாதி சைட்டேஷன் அப்பா கணக்கில் போய்ச் சேரும். நெல் வியாபாரம் பார்த்த அப்பாக்கள் பலர் இப்படித்தான் இருதய நிபுணர் ஆகியிருக்கிறார்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்குங்கள். 16 இலக்கம், இலவசம். பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

நிறைய சைட்டேஷன் இருந்தால் ஜனங்களுக்கு நிறைய நன்மை செய்தவர் என்று அர்த்தமா? (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன் ஐயா. யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர். வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்களே, அந்த மருந்து 1947இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லப்பிரகத சுப்பாராவ் தலைமையில் வேலை பார்த்த குழுவிடமிருந்து வந்தது. பீமாவரத்தில் பிறந்தவர், அதுவும் டெல்டாதான், கோதாவரி டெல்டா. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனால் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அவர் பெயரைச் சொல்வது வேறொன்றுக்காக: ஃபிஸ்கேயுடன் 1925இல் எழுதிய, பாஸ்பரஸ் அளக்கும் முறை. அளக்கும் முறை என்றால் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் மேற்கோள் காட்டியாக வேண்டும். 1951இல் லோரி எழுதிய, புரதம் அளக்கும் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கு மேல் சைட்டேஷன் சேர்ந்தது அப்படித்தான். மாத்திரையை விழுங்கியவர்கள் எங்கே மேற்கோள் காட்டப் போகிறார்கள்?

தப்பான கட்டுரைக்கும் சைட்டேஷன் ஏறுமா?

ஏறும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. மறுத்து எழுதியவர்களும் அதை மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? எண்ணுகிற இயந்திரத்துக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான்.

பணம் கட்டினால் கட்டுரையை 15 நாளில் போடுகிறோம் என்று ஜர்னல்களிலிருந்து மெயில் வருகிறது.

அழித்துவிடுங்கள். எனக்கே ‘மதிப்பிற்குரிய புரொஃபசர்’ என்று வருகிறது, நான் நூலகர்.

நடவு வயலில் பாம்பு கடித்து வந்த ஒருவரைப் பற்றி கேஸ் ரிப்போர்ட் எழுத ஆசை. சைட்டேஷன் கிடைக்குமா? (பி.ஜி. மாணவி)

பெரிதாகக் கிடைக்காது. ஆனாலும் எழுதுங்கள், எனக்கு மிகவும் பிடித்த ரகம் அது. சரி, அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியாயிற்றா? ஊருக்குத் திரும்பிவிட்டால் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டியிருக்கும்.