வெப்சைட்டில் பக்கத்துக்குள் பக்கம் வைக்கும் அடுக்குக்கு ஒரு பழைய ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் கட்டும் கருவி) பேக்கேஜ் கிடைத்திருக்கிறது, கடைசி கமிட், அதாவது கோடில் கடைசி மாற்றம், 2016. எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். ஆனால் அது பழசு என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

கோவை பீளமேட்டில் உட்கார்ந்து சின்ன கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். பம்ப் செட், கம்ப்ரசர், வெட் கிரைண்டர் தயாரிப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். எல்லோருக்கும் நீங்கள் கேட்கும் அதே அடுக்குதான் வேண்டும்: பொருட்கள், அதற்குள் மோனோபிளாக், அதற்குள் அரை எச்.பி., ஒரு எச்.பி. பக்கங்கள்.

சில வருடம் முன்பு நானும் இதுபோல ஒன்றை எடுத்துப் போட்டேன். அது நெஸ்டட் செட் முறை. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது, வலது என்று இரண்டு எண். 'பொருட்கள்' 2, 7 என்றால் அதன் பிள்ளைகள் 3-4, 5-6. 2-க்கும் 7-க்கும் நடுவில் இருப்பதையெல்லாம் கொடு என்று கேட்டால் மொத்தக் கிளையும் ஒரே குவெரியில் வந்துவிடும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு ரிகர்சிவ் குவெரி (பிள்ளை, பேரப்பிள்ளை என்று தானே கீழே இறங்கித் தேடும் குவெரி) 2018-ல், 8.0-ல்தான் வந்தது. அதற்கு முன்பு இது அருமையான வழி. ஆனால் நடுவில் ஒரு பக்கம் நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகர வேண்டும்.

அந்த கம்பெனியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கங்களை இடம் மாற்றியிருக்கிறார்கள். பேக்கேஜ் டேபிளை லாக் செய்யவில்லை. ஓனர் போன் செய்தார்: "ஏனுங்க தம்பி, நம்ம கம்ப்ரசர் பக்கத்தையெல்லாம் காணமுங்களே?" டேபிளைத் திறந்தால் இரண்டு பக்கங்களுக்கு இடது எண் 14. கம்ப்ரசர்கள் எல்லாம் 'தொடர்புக்கு' என்பதற்குக் கீழே போயிருந்தன. மேல் பக்கம் எது என்று சொல்லும் பேரன்ட் ஃபீல்டு மட்டும் கெடாமல் இருந்ததால், அதை வைத்து எண்களைத் திரும்பப் போட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது.

அதனால் கிட்ஹப்பில் ஸ்டார் எத்தனை என்று பார்க்கும் முன், டேபிள்களை வரையறுக்கும் மாடல்ஸ் ஃபைலையும், அவற்றை மாற்றும் மைக்ரேஷன் ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். கோட் பழசாக இருப்பதைச் சரி செய்துவிடலாம். ஃபாரின் கீக்கு (இன்னொரு வரிசையைக் காட்டும் ஃபீல்டு) ஆன்-டெலீட், அதாவது அந்த வரிசை அழிந்தால் என்ன செய்வது என்பதைக் கொடுப்பது ஜாங்கோ 2.0-ல் கட்டாயமானது, மொழிபெயர்ப்புக்கான யூகெட்டெக்ஸ்ட் ஃபங்ஷன் 4.0-ல் போய்விட்டது. இதெல்லாம் தேடி மாற்றுகிற வேலைதான். உங்கள் டேபிளுக்குள் தனக்கென்று ஃபீல்டுகளைச் சேர்த்து, அவற்றைத் தானே பார்த்துக்கொள்கிற பேக்கேஜ் அப்படியல்ல. அதைக் கழற்றும் நாளில் உங்கள் டேட்டாவையும் சேர்த்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

நீங்களே எழுதுங்கள். பேரன்ட், வரிசை எண், ஸ்லக் (முகவரியில் வரும் பக்கத்தின் சிறு பெயர்), மூன்றே ஃபீல்டு போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரிகர்சிவ் குவெரி 2009 முதலே இருக்கிறது, எஸ்கியூலைட்டில் 2014 முதல். நூற்றைம்பது பக்கம்தான் என்றால் அதுகூட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே குவெரியில் எடுத்து பைத்தானிலேயே மரமாக அடுக்கிவிடலாம். ஒரு பக்கம் தன் பேரப்பிள்ளைக்கே பிள்ளையாகிவிடாதபடி சேமிக்கும் முன் ஒரு சோதனை வையுங்கள், இல்லாவிட்டால் லூப் நிற்காது. அப்புறம், மேல் பக்கத்தின் ஸ்லக் மாறினால் கீழே உள்ள எல்லா முகவரியும் மாறும். பழைய முகவரிகளை ஜாங்கோவோடு வரும் ரீடைரக்ட்ஸ் ஆப்பில் எழுதி வைக்க மறக்காதீர்கள்.

லைப்ரரிதான் வேண்டும் என்றால் ஜாங்கோ-ட்ரீபியர்டு இருக்கிறது. ஜாங்கோவில் எழுதிய சிஎம்எஸ்ஸான வாக்டெயில் அதன் மேல்தான் நிற்கிறது. நெஸ்டட் செட் முறையில் இயங்கும் ஜாங்கோ-எம்பிடிடி லைப்ரரி பக்கம் போகும் முன் அதன் ரீட்மீயைப் (அறிமுகக் குறிப்பு) படியுங்கள். பராமரித்தவரே, புது டேட்டாபேஸ்களில் இந்த முறையே தேவைப்படாமல் போகலாம் என்று எழுதி, ரிகர்சிவ் குவெரியைப் பயன்படுத்தும் ஜாங்கோ-ட்ரீ-குவெரீஸைக் காட்டியிருக்கிறார்.

உங்களுக்குக் கிடைத்த பேக்கேஜில் மெனு வரைகிற டெம்ப்ளேட் டேக் மட்டும் பிடித்திருக்கிறதா? சரி, லைசென்ஸ் அனுமதித்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் லைசென்ஸ் வரிகளோடு உங்கள் புராஜெக்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது டேபிளைத் தொடுவதில்லை.