பத்து நிமிஷத்தில் மடியில் ஏறும் பிள்ளை

கேள்வி: எனக்கு 24 வயது, ஊர் திருமங்கலம். பி.காம். முடித்து மதுரையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்போடியாவில் சியெம் ரீப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் தன்னார்வலராக இருந்துவிட்டு வர ஆசை. சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ், பெரிய பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கலாம். ஏற்பாடு செய்கிறவர்களுக்குக் கட்டும் பணம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் ஆகும். அது என் சேமிப்பில் இருக்கிறது. போன வருஷம் என் தோழி போய் வந்தாள். முதல் நாளே பத்து நிமிஷத்தில் குழந்தைகள் அவள் மடியில் ஏறிக்கொண்டார்களாம், கிளம்புகிற அன்று ஒரு சிறுமி அவள் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். வரன் பார்க்கிற நேரத்தில் தனியாக வெளிநாடு போனால் ஊர் என்ன பேசும் என்று அப்பா மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தாயி, அப்பாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருஷத்துக்கு நாலைந்து வருகிறது. நேபாளம், கென்யா, பாலி என்று ஊர் பெயர் மாறும், கேள்வி மட்டும் எப்போதும் அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோதான் இருக்கும். உனக்கு நல்ல மனசு, துணிச்சல், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள். உன் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன், அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பத்து நிமிஷத்தில் மடியில் ஏறிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காதுகுத்துக்குப் போயிருப்பாய்தானே? பாண்டி கோயிலிலோ அழகர்கோயிலிலோ பார்த்திருப்பாய். மொட்டை போட்ட பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். தாய்மாமன் அந்நியனா? மாசம் ஒரு தடவை வந்து தூக்கிக் கொஞ்சுகிறவன்தான். அப்படியும் கூட்டத்தையும் ஆசாரியையும் பார்த்ததும் அந்தப் பிள்ளை வீறிட்டு அழுது, அம்மா எங்கே என்று கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடும். அது நல்ல பிள்ளை. அது அழுவதற்குக் காரணமே தேட ஓர் ஆள் இருப்பதுதான். நம் பக்கத்தில் மடி என்பது யாரும் யாருக்கும் கொடுத்துவிடுகிற இடம் இல்லை, அதற்கு உரிமை வேண்டும், முறை வேண்டும், அதனால்தான் மாமனுக்குச் சொல்லி அனுப்பி, அவன் சீரோடு வரும்வரை காது குத்தாமல் காத்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நீ, முன்பின் பார்த்திராத, தன் மொழி தெரியாத ஒரு பெண்ணின் மடியில் ஒரு பிள்ளை பத்தே நிமிஷத்தில் ஏறுகிறது என்றால் அதற்கு என்ன ஆயிற்று என்று ஏன் கேட்கவில்லை?

அதற்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். இன்றைக்கு இருக்கிற ஆள் நாளைக்கு இருக்க மாட்டார் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, கிடைக்கிற மடியில் கிடைக்கிற நேரத்துக்கு ஏறிக்கொள்ளும். இது பாசம் பொங்குவதால் வருவது இல்லை. ஆள் மாறி ஆள் மாறி வளர்க்கப்படும் குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் வருவதைக் குழந்தை மனநல மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். ருமேனியாவில் 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் கிடந்தார்கள். அப்புறம் 2000இல் தொடங்கி, புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, இரண்டு பக்கத்தையும் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவிலும் ஒட்டுறவிலும் எவ்வளவோ தேறினார்கள். ஒரு பிள்ளைக்குச் சோறு, துணி, பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்தாலும் 'என் ஆள்' என்று ஒருவர் இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே ஏதோ குறைந்துபோகிறது. உன் தோழி அந்த இடத்தில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் யாரோ, அவளுக்குப் பின்னால் யாரோ. இப்போது நீ.

நான் இதை எங்கேயோ படித்துவிட்டுப் பேசவில்லை. மதுரைக்கு வெளியே ஓர் இல்லத்தில் பல வருஷம் விடுதிப் பொறுப்பில் இருந்தவள் நான். டிசம்பரிலும் ஜூன், ஜூலையிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள், பெரும்பாலும் நல்ல பிள்ளைகள், உன்னைப் போல. வருகிற ஒவ்வொருவரும் ஏ, பி, சி, டியிலிருந்து ஆரம்பிப்பார்கள், உடம்பின் பாகங்கள், பழங்களின் பெயர்கள், ஒரு பாட்டு. அதற்குள் நாள் முடிந்துவிடும். அடுத்தவர் வந்து மறுபடியும் ஏ, பி, சி, டி. எங்கள் பிள்ளைகள் தெரியாத மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள், ஏனென்றால் தெரியும் என்று சொன்னால் வந்தவர் முகம் வாடிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளை பெரியவர்களின் மனசைப் பார்த்து நடந்துகொள்ளும் கொடுமை அது. ஒரு பையன் போகிறவர்கள் கட்டிவிட்ட கைக்கயிறுகளை அவிழ்க்கவே மாட்டான். ஏழு கயிறு இருந்தது. எட்டாவது ஆள் கிளம்பிய அன்று நானாகப் போய், அவரையும் உனக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். பெயர் மறந்துவிட்டது என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பாட்டி இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, மடியில் கடலை மிட்டாயை முடிந்துகொண்டு மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். பேரனை எப்போது அனுப்புவீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நன்கொடைக்காக அச்சடித்த தாளில் அந்தப் பையன் படத்துக்குக் கீழே அநாதை என்று போட்டிருந்தது. பாட்டி கேட்டதெல்லாம் மாசம் கொஞ்சம் அரிசியும் பள்ளிக்கூடச் செலவும்தான், அதை விடப் பல மடங்கு அவனை இல்லத்தில் வைத்திருக்கச் செலவானது. அவனை அனுப்பினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் பணம் குறையும். நிர்வாகம் அனுப்பவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இவ்வளவு கோபம்.

நீ போக நினைக்கிற கம்போடியாவிலும் இதே கதைதான், இன்னும் பெரிதாக. அந்த நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் கூட்டத்தின் கொடுமை நடந்தது 1975 முதல் 1979 வரை. அந்தக் காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பேரன் பேத்தி இருப்பார்கள். ஆனால் சண்டையெல்லாம் ஓய்ந்து, அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க உலகமே வர ஆரம்பித்த பிறகு, 2005இல் 154 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010இல் 269 ஆயின. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் பார்த்தபோது அங்கே இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். வறுமை, பள்ளிக்கூடத்தில் போடுவோம் என்ற வாக்கு, இவைதான் அந்தப் பெற்றவர்களைக் கையெழுத்துப் போட வைத்தவை. அநாதைகள் கூடியதால் இல்லங்கள் கூடவில்லை, பார்க்க வருகிறவர்கள் கூடியதால் கூடின. 2011இலேயே 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல' என்று அந்த நாட்டிலேயே பிரசாரம் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, காசுக்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசியது. நீ கட்டப்போகிற பணம் எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் என்று புரிகிறதா?

உனக்குக் கணக்குத் தெரியும், போட்டுப் பார். நம் நாட்டில் மிஷன் வாத்சல்யா என்று ஒரு திட்டம் இருக்கிறது. கஷ்டப்படும் பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் தன் அம்மாவிடமோ பாட்டியிடமோ இருந்து படிக்க, தகுதி இருந்தால் மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். உன் 1,20,000 ரூபாய் அந்தக் கணக்கில் முப்பது மாதம். ஒரு பிள்ளை இரண்டரை வருஷம் தன் பாட்டி பக்கத்தில் படுத்துத் தூங்கும் பணத்தை, நீ மூன்று வாரம் அதே மாதிரி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதற்காகச் செலவழிக்கப் போகிறாய்.

அப்போது வெளிநாட்டுக்கே போகக்கூடாதா என்று கேட்பாய். தாராளமாகப் போ. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் அமெரிக்காவிலிருந்து வந்தவர்தான், 1948இல் நம் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார், ஆனால் அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் இந்த ஊர் வெயிலில் பெண் பிள்ளைகளோடு கிடந்தவர். நீ முப்பது வருஷம் இரு என்று சொல்லவில்லை. ஒரு வருஷமாவது இருக்க முடிந்தால் போ, அந்த ஊர் மொழியைக் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போ. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இருக்கிறது, ஜெர்மனிக்காரர்களின் வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தில் நம் பிள்ளைகள் அங்கே போய் ஒரு வருஷம் வேலை பார்க்கும் வழியும் இருக்கிறது. இவற்றில் போகிறவர்களுக்கு அவர்கள்தான் சாப்பாட்டுக்கும் தங்கவும் வழி செய்கிறார்கள், தகுதி பார்த்து எடுக்கிறார்கள். உன்னிடம் என்ன தெரியும் என்றுகூடக் கேட்காமல் பணத்தைக் கட்டு, வா என்கிறவர்களிடம் போகாதே. போலீஸ் சான்று கேட்காமல் உன்னைப் பிள்ளைகள் படுக்கும் அறைவரை விடுகிற இடத்துக்கு நிச்சயமாகப் போகாதே. உன்னை அப்படி விடுகிறவர்கள் நாளைக்கு எவனை வேண்டுமானாலும் விடுவார்கள்.

பெரிய பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருந்தாய், அது மட்டும்தான் உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், ஏனென்றால் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. அவர்கள் மடியில் ஏற மாட்டார்கள், போட்டோவுக்குச் சிரிக்கவும் மாட்டார்கள். நம் இல்லங்களில் 18 முடிந்தால் வெளியே வர வேண்டும். பின்பராமரிப்பு என்று 21 வரை உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கையில் ஒரு தொழில், ஒரு வங்கிக் கணக்கு, ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டால் எடுக்கிற ஓர் ஆள் இல்லாமல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உனக்குக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி தெரியும். சம்பளப் பட்டியல் தெரியும், கடன் என்றால் வட்டி எப்படி ஏறும் என்று தெரியும். மதுரையிலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அங்கே போய், இப்படி ஒரு பெண், சனிக்கிழமைதோறும் வருகிறேன், ஒரு வருஷம் வருகிறேன் என்று சொல். அவர்கள் கேட்கிற சான்றெல்லாம் கொடு. முதல் ரெண்டு மாசம் அந்தப் பிள்ளைகள் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், நீயும் எத்தனை நாள் வருவாய் என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீ போய்க்கொண்டே இரு. கல்யாணம் நிச்சயமானால் அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல், பத்திரிகை வை.

சரி, அப்பா. ஊர் என்ன பேசும் என்று அவர் சொன்னது தப்பு. பெண் பிள்ளை தன் சம்பாத்தியத்தில் நல்ல காரியத்துக்கு வெளிநாடு போவதை வைத்துத் தட்டிப்போகிற வரன் தட்டியே போகட்டும், அப்படிப்பட்ட வீட்டில் நீ போய் என்ன செய்யப்போகிறாய்? இதை நான் சொன்னேன் என்று அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. ஆனால் அவர் வேண்டாம் என்றதில் எனக்கும் உடன்பாடுதான், காரணம்தான் வேறு. குடும்பம் என்றால் என்ன என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது உன் வீட்டார்தான். ஒரு கிழவியிடமிருந்து பேத்தியைப் பிரிக்கிற காரியத்துக்கு, தெரியாமல் என்றாலும், அந்த வீட்டுப் பெண் காசு கொடுக்கக்கூடாது.

நீ இன்னும் பணம் கட்டவில்லை என்று நினைக்கிறேன். கட்டுவதற்கு முன் இன்றைக்கு ராத்திரியே உன் தோழிக்குப் போன் போடு. பையைப் பிடித்துக்கொண்டு விடாத அந்தச் சிறுமியின் பெயர் என்ன, அவளுடைய அம்மா எந்த ஊரில் இருக்கிறாள், இப்போது அந்தச் சிறுமி யாரோடு இருக்கிறாள் என்று கேள். மூன்றுக்கும் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.