சக்கர நாற்காலியிலிருந்து சேணத்துக்கு

கேள்வி: என் மகளுக்கு வயது 14. பெருமூளை வாதத்தால் இரு கால்களும் இறுகிப் பின்னிக்கொள்ளும், பிடித்துக்கொண்டால் உட்காருவாள். பக்கத்துக் குதிரை லாயக்காரர் அவளைப் பழக்கச் சம்மதித்திருக்கிறார். ஏற்றுவதற்குச் சாய்தளம் எந்த அளவில் செய்வது?
- ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: தச்சருக்கு முன் டாக்டரைப் பாருங்கள், அம்மா. இந்த வாதத்தில் இடுப்பு மூட்டு மெல்ல நழுவுவது உண்டு. எக்ஸ்ரே பார்த்து அவர் சரி என்ற பிறகே கால்களை அகட்டி உட்கார வைக்கலாம்.

குதிரையின் உயரத்தைக் ‘கை’ கணக்கில் சொல்வார்கள்; ஒரு கை நான்கு அங்குலம். குதிரை 14 கை என்றால் தோள்மேடு ஏறக்குறைய 142 சென்டிமீட்டர். நாற்காலி இருக்கை 50 இருக்கும். சாய்தளம் ஏறிச் சேரும் மேடை 90 உயரமானால் இருக்கையும் சேணமும் கிட்டத்தட்ட சமமாகிவிடும்; பிள்ளையைத் தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சரிவுக்குச் சாய்தளம் 11 மீட்டர் நீளும். இடமில்லையென்று ஐந்து மீட்டரில் முடித்துவிடாதீர்கள், நாற்காலி தள்ளுபவரின் பிடியை மீறி உருளும். நடுவில் சமதளம் வைத்து மடக்கிக் கட்டுங்கள். நம் மழைக்குப் பலகையில் பாசி பிடிக்கும்; மணல் கலந்த பெயிண்ட் அடியுங்கள்.

பெரும்பாலும் கோளாறு மேடையில் அல்ல, குதிரையிடம்தான். ஏற்றும் நொடியில் பின்புறத்தை விலக்கும். இடைவெளியில் பிள்ளை விழும். அதனால் எதிர்ப்பக்கமும் ஒரு மேடை போட்டு ஆள் நிற்கட்டும். முதலில் காலி நாற்காலியோடு பல நாள் குதிரையைப் பழக்குங்கள்.

வயிறு அகன்ற குதிரை வேண்டாம், தொடை இன்னும் இறுகும். ஒருவர் கயிறு பிடிக்க, இருபுறமும் இருவர் தொடைமேல் கையைக் குறுக்கே வைத்துச் சேணத்தின் முன்பகுதியைப் பிடித்தபடி நடக்க வேண்டும். கயிறு பிடிப்பவரின் கண் குதிரைமேலேயே இருக்கட்டும். பாதம் உள்ளே நுழைந்து மாட்டாதபடி முன்புறம் மூடிய அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) தலைக்கவசமும் கட்டாயம். பிள்ளையைச் சேணத்தோடு கட்டவே கட்டாதீர்கள். குதிரை விழுந்தால் அவளும் அடியில் சிக்குவாள். காலையில் தோட்டத்துப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்த கையோடு, வெயில் ஏறுமுன், முதலில் 10 நிமிடம் போதும்.

கேள்வி: இவள் போட்டிக்கும் போக முடியுமா?

பதில்: முடியும். பாராலிம்பிக்ஸில் 1996 அட்லாண்டா முதல் குதிரையேற்றம் இருக்கிறது. ஐந்து தரங்களில், உடல் இயலாமை மிகுந்தோருக்கான முதல் தரத்தில் குதிரை நடந்தால் போதும், ஓட வேண்டாம். விரல் பிடி குறைந்தவர்கள் வளையம் தைத்த கடிவாள வாரைப் பயன்படுத்தலாம். போட்டியாளரை எந்தத் தரம் என்று வகைப்படுத்தும்போதே அது பதிவாக வேண்டும். முதல் தரத்துக்கு 20க்கு 40 மீட்டர் களம்தான். தோட்டத்துப் பந்துத் திடலில் பாதியிலேயே கோடு போட்டுப் பழகலாம்.