உளுந்து எடுத்த கையோடு ஜப்பான்: பூப் பார்க்க எப்போது, எப்படிப் போவது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். எனக்கு 57 வயது, வீட்டுக்காரருக்கு 63. நாலு ஏக்கரில் சம்பா, அதன் பிறகு உளுந்து. ஜப்பானில் செர்ரிப் பூ பூக்கும்போது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. சென்னையில் வேலை பார்க்கும் பையன் அடுத்த வருஷம் போய் வாருங்கள் என்கிறான். எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. வருமான வரி கட்டியதும் இல்லை. விசா கிடைக்குமா? எந்த மாதம் போகலாம்? சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? டூர் கம்பெனியோடு போவதா, தனியாகவா?

பதில்: அம்மா, தாராளமாகப் போகலாம். வயலும் மாடும் இருக்கும்போது நமக்கு எதற்கு இதெல்லாம் என்று தள்ளிப் போட்டே நம் பக்கம் பலர் ஆசையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாமல் கேட்டது எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது பணமும் அல்ல, விசாவும் அல்ல. தேதி. அது உறுதியானால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் எந்த மாதம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஜப்பானுக்குப் போகிறவர்கள் எல்லாரும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் என்றுதான் சொல்வார்கள். டோக்கியோவுக்கு அது சரிதான். அங்கே சராசரியாக மார்ச் 24 வாக்கில் பூ திறக்கும், 31 வாக்கில் மரம் முழுக்கப் பூத்திருக்கும். யாசுகுனி ஆலயத்தில் அடையாளத்துக்கென்று ஒரு மரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ மலர்ந்ததும் டோக்கியோவில் பூக்காலம் தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவிக்கும். முழுசாகப் பூத்தபின் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் அதிகம். நடுவில் மழையோ காற்றோ வந்தால் அதுவும் இல்லை.

உங்களுக்கு இந்தத் தேதி சரிப்படாது. சம்பா அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்னால் மெழுகுப் பதத்தில் உளுந்து தெளித்தால், அது ஏறக்குறைய எழுபது நாள் பயிர். தையில் தெளித்தது பங்குனியில் கைக்கு வரும். டோக்கியோவில் பூக்கும் அதே வாரம் உங்கள் வயலில் உளுந்து காய்ந்து நிற்கும். பங்குனியில் ஒரு கோடை மழை அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கவலையோடு டோக்கியோவில் நின்று பூவைப் பார்க்க முடியாது.

நல்லவேளையாக, ஜப்பானில் பூ ஒரே நாளில் பூத்து முடிவதில்லை. குளிர் விலக விலகத் தெற்கிலிருந்து வடக்கே ஏறிக்கொண்டே போகும். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள செண்டாயில் சராசரியாக ஏப்ரல் 8 இல் திறந்து 13 வாக்கில் நிறையும். இன்னும் மேலே அவோமோரியில் ஏப்ரல் 22. வடகோடியில் ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் மே 1. அதனால் நீங்கள் சித்திரை பிறந்தபின் கிளம்புங்கள். ஏப்ரல் 16, 17 வாக்கில் புறப்பட்டு, செண்டாய் பக்கம் கடைசிப் பூவையும், அவோமோரி மாநிலத்தின் ஹிரோசாகியில் முதல் பூவையும் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 28 க்குள் திரும்பிவிடுங்கள். 29 இலிருந்து மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை. ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது, வாடகையும் ஏறிவிடும். வீடு திரும்பினால் மேட்டூர் திறக்கிற ஜூன் 12 க்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். குறுவை போடுவதாக இருந்தாலும் நாற்றங்காலுக்கு நேரம் இருக்கிறது.

ஹிரோசாகியை நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பழைய கோட்டையைச் சுற்றியுள்ள பூங்காவில் சுமார் 2,600 செர்ரி மரங்கள். ஜப்பான் முழுக்க நட்டிருக்கும் சோமெய் யோஷினோ என்ற வகை பொதுவாக அறுபது, எண்பது வருஷத்தில் தளர்ந்துவிடும் என்பார்கள். ஹிரோசாகியிலோ நூறு வருஷத்தைத் தாண்டிய மரங்கள் நிறைய. 1882 இல் நட்ட மரம் ஒன்று இன்னும் பூக்கிறது. ஜப்பானில் ஆப்பிள் அதிகம் விளைவது அவோமோரியில்தான். ஆப்பிள் தோட்டத்தில் கிளை கழிக்கிற முறையை அப்படியே செர்ரிக்கும் செய்து மரங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வயலில் நிற்கிறவர்கள் இதை நின்று பார்ப்பார்கள். பூ உதிரும் நாட்களில் அகழித் தண்ணீர் தெரியாத அளவுக்கு இதழ் மூடிக் கிடக்கும். நீங்கள் போகும்போது பூ முடிந்துவிட்டிருந்தாலும் இது மிச்சம் இருக்கும். டோக்கியோவுக்கு மேற்கே உள்ள கியோட்டோவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுவில் அங்கே பூ பெரும்பாலும் முடிந்திருக்கும், பயணமும் இரண்டு பக்கமாக இழுபடும். இலையுதிர் காலத்தில் போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே இலை சிவக்கும் நவம்பரில்தான் இங்கே புயலும் மழையும். 2018 இல் கஜா கரை கடந்தது நவம்பர் 16 இல்.

தேதி இப்படி என்றால், பாஸ்போர்ட் ஐப்பசிக்குள் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில். நம் மாவட்டங்களுக்குத் திருச்சி மண்டல அலுவலகம், நேரில் போக தஞ்சாவூரிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். உங்கள் வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியதால் அவருக்குப் பத்து சதவீதம் குறையும். படிப்புக் குறைவு என்று தயங்க வேண்டாம். படிப்புக் குறைந்தவர்கள் பாஸ்போர்ட்டில் போடும் குடியேற்றச் சோதனை முத்திரை (ஈசிஆர்) வேலைக்குச் சில நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் குறுக்கே வரும், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். உங்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல் இருக்கும், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. ஆங்கில எழுத்திலும் ஒன்றில் ஒரு 'எச்' கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். பிறந்த தேதி அதைவிடச் சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, வாக்காளர் அட்டையில் வேறொன்று. விண்ணப்பம் போடும் முன் ஆதார், பான் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் ஒரு மேஜையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பையனின் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதே, அதுவும் உங்கள் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போனால் விசாவுக்கு உறவைக் காட்ட அதுவே உதவும். வித்தியாசம் இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். இதில் ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை.

இனி விசா. சுற்றுலாவுக்கு ஒரு முறை போய்வரும் விசாவை இந்தியர்களுக்கு ஜப்பான் இப்போது இ-விசாவாக, அதாவது பாஸ்போர்ட்டில் ஒட்டாமல் இணையத்திலேயே கொடுக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகம்தான். விண்ணப்பத்தை அவர்களுக்காக விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையம் வாங்கும். விசா அவர்கள் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், நீட்டிக்க முடியாது. எனவே சீக்கிரம் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று டிசம்பரிலேயே போடாதீர்கள். ஏப்ரல் பயணத்துக்கு பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் சரியாக இருக்கும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நீங்கள் வரி கட்டாதது குற்றமே இல்லை. ஆனால் தூதரகத்தில் உங்கள் வயலைப் பார்த்தவர் யாரும் இல்லை, அவர்கள் பார்ப்பது தாளை மட்டும். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், வருமான வரித் தாக்கல் நகலும் கேட்பார்கள். வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்யலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கு ஐடிஆர்-2 படிவம். ஜூலை 31 தவறிவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதத் தாக்கலாகச் செய்யலாம். ஆடிட்டரிடம் சொல்லி இந்த வருஷமே செய்துவிடுங்கள். இதோடு பட்டா, சிட்டா, அடங்கல், இவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, வரித் தாக்கல் இதுவரை ஏன் இல்லை என்று ஒரு பக்கக் கடிதம். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் கணக்குக்கே வரும். வியாபாரியிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டால் அது எங்கும் தெரியாது. உங்களுக்குத் தேவையான ஆறு மாதத்துக்குள் சம்பாப் பணம் விழும். அதைக் கணக்கிலேயே வாங்குங்கள். பையன் செலவை ஏற்பதாக இருந்தால் அவருடைய கடிதம், வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் இவை உங்கள் விண்ணப்பத்தை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். விசா போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கியோ நகையை அடகு வைத்தோ கணக்கில் பெரிய தொகை காட்டும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வருஷமெல்லாம் சில ஆயிரம் இருந்த கணக்கில் திடீரென்று லட்சங்கள் விழுந்தால் அதுதான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பும். விசா நிச்சயம், நான் பொறுப்பு என்று சொல்லும் ஏஜென்ட்டையும் நம்பாதீர்கள். அந்த வாக்கைக் கொடுக்க வெளியாள் யாருக்கும் அதிகாரம் இல்லை. பயிர்க்கடன் தவணையைக் கட்டிவிட்டு மிஞ்சியதில்தான் பயணம்.

விமானத்துக்குச் சென்னை போக வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், அங்கிருந்து டோக்கியோ ஏழு மணி நேரம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் சிங்கப்பூரில் பெட்டியை வாங்க வெளியே வர வேண்டியிருக்கும், அந்த நாட்டு நுழைவு விதிகளும் குறுக்கே வரும். இன்னொரு விஷயம்: ஜப்பான் இ-விசாவைப் போனில், இணையத்தில், அந்த நேரத்தில் திறந்துதான் காட்ட வேண்டும். அச்செடுத்த தாளும் ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. திருச்சி கவுன்டரில் கேட்கும்போது பதறாமல் இருக்க, வீட்டிலேயே நாலு முறை திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

ஜப்பானுக்குள் ரயில் பாஸ் வாங்கச் சொல்வார்கள். நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. யென்னுக்கு அறுபது பைசா என்று கணக்குப் போட்டால் ஆளுக்கு 30,000 ரூபாய். வடக்குப் பக்கம் மட்டும் போகிற உங்களுக்கு அது தேவையில்லை. தனி டிக்கெட் விலையையும் ஜேஆர் ஈஸ்ட் என்ற கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனத்தின் வட்டாரப் பாஸ் விலையையும் பையனை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு உண்மையிலேயே சிரமம்தான். அங்கே குழம்பு, சூப், நூடுல்ஸ் எதிலும் அடிப்படையாக டாஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது காய்ந்த மீனைச் சீவி எடுத்தது. சைவம் என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் வெந்த காயைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்களுக்கு அதில் தவறு எதுவும் தெரியாது. 'கறி, மீன், மீன் சாறு எதுவும் சாப்பிட மாட்டோம்' என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் நிஷி-கசாய் என்ற பகுதியில் நம் நாட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள், அங்கே நம் சாப்பாடு கிடைக்கும். வடக்கே போனால் கைச்சாப்பாடுதான். தெருவுக்குத் தெரு இருக்கும் செவன்-லெவன், லாசன் கடைகளில் வெந்த வெள்ளைச் சோறு டப்பாவில் விற்கிறார்கள். சூடு செய்து, நீங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியையோ புளிக்காய்ச்சலையோ போட்டுப் பிசைந்தால் ஒரு வேளை முடிந்தது. அரிசி சற்று ஒட்டும், ஆனால் பிசைய நன்றாகவே இருக்கும். கறிவேப்பிலை, காய், பழம், அரிசி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் கொஞ்சமாகக்கூட விடமாட்டார்கள். இங்கிருந்து மின்சாரக் குக்கரும் வேண்டாம். அங்கே 100 வோல்ட்தான். நம் குக்கர் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் கொடுக்கும்.

மருந்து ஒரு மாத அளவுக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை இரண்டிலும் அளவு மீறினால் அங்கே சட்டப்படி சிக்கல். சளி மருந்தே கொண்டுபோகாமல் இருப்பது மேல். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஏப்ரலிலும் ஹிரோசாகி இரவுகள் நமக்கு நடுக்கும் குளிர், உள்ளே போடும் கம்பளி உடுப்பு வேண்டும்.

டூர் கம்பெனிகள் பெரும்பாலும் டோக்கியோ, ஃபூஜி, கியோட்டோ, ஒசாகா என்றுதான் அழைத்துப் போவார்கள். உங்கள் தேதிக்கும் வடக்குக்கும் அது பொருந்தாது. பையனுக்கு லீவு கிடைத்தால் மூன்று பேரும் தனியாகப் போவதுதான் என் யோசனை. முடியாது என்றால், உங்கள் இருவருக்கு மட்டும் திட்டம் போட்டு விடுதியும் ரயிலும் பதிந்து தரும் முகவரைப் பிடியுங்கள். அப்படிப் பேக்கேஜாக வாங்கினால் விலைக்கு மேல் டிசிஎஸ் என்று வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பார்கள். அதன் விகிதம் பட்ஜெட்டில் மாறுகிறது, பணம் கட்டும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாக ஏறியிருக்கும். அந்த வருஷத்துக்கு ஐடிஆர் போட்டால் முழுசாகத் திரும்பி வரும், போடாவிட்டால் வராது.