கேள்வி – பதில்: பழகுவது காதா, மனமா?

கேள்வி (கல்முனையிலிருந்து ஒரு வாசகர்): பிரதான வீதிச் சந்தியோரத்தில் பதினொரு வருடங்களாகக் கடை வைத்திருக்கிறேன். பஸ்கள் ஹோர்ன் அடித்து ஆள் ஏற்றுவது முன்பெல்லாம் தலையைக் குடைந்தது. இப்போது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல இரைகிறது. சத்தத்துக்குக் காது பழகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பழகுவது மனம், காது பழகுவதில்லை. உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் உறுப்புக்குள் வரிசையாக நிற்கும் மயிர்க்கலங்கள்தாம் அதிர்வை நரம்புக்குக் கொடுக்கின்றன. பலத்த சத்தத்தில் களைத்துப்போகும் அந்தக் கலங்கள் போதிய ஓய்வு கிடைத்தால் ஓரளவு மீளும். மீளுமுன்பே மறுநாள் கடை திறந்துவிட்டால் சிறிது சிறிதாக அழியும். மனிதருக்கு அழிந்த கலம் மறுபடி முளைப்பதில்லை. சத்தம் முன்போலத் தெரிவதில்லை என்பதும் இரவில் காது இரைகிறது என்பதும் ஒரே கடிதத்தில் சேர்ந்து வந்திருப்பதால், இதை வெறும் பழக்கம் என்று நான் விட்டுவிட மாட்டேன். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் கேட்டல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடை பூட்டிய ஒரு விடுமுறை நாளுக்கு அடுத்த காலையில் போனால், தற்காலிகக் களைப்பு கலக்காத அளவு கிடைக்கும்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் வேலைத்தலங்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் ஆகும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அதாவது 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. 105 டெசிபலுக்கு வரும்போது ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. நம் நாட்டில் 2011 ஆம் ஆண்டின் வாகன ஹோர்ன் ஒழுங்குவிதிகள், 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபலையும் 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபலையும் உச்ச அளவாக வைத்திருக்கின்றன. ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட ஹோர்னே உங்கள் காசு மேசைக்கு 2 மீற்றரில் இரண்டு செக்கன் வீதம் 140 தடவை ஒலித்தால், அன்றைய பங்கு தீர்ந்துவிடும். ஹோர்ன் முன்பக்கம் பார்த்தே ஒலிப்பதால் பக்கவாட்டில் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பல சுரத்தில் அலறும் ஹோர்ன்களுக்கு அந்தக் கணக்கும் உதவாது.

ஹோர்ன் எச்சரிப்பதற்காக வைக்கப்பட்ட பொருள். ஆள் கூப்பிடுவதற்கு நடத்துனருக்கு வாய் இருக்கிறது. எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று இலக்கத்தோடு ஒரு கிழமை குறித்து, போக்குவரத்துப் பொலிஸாருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பொதுவாக "ஒரே சத்தம்" என்று எழுதும் முறைப்பாட்டைவிட இதற்குப் பலம் அதிகம். அதுவரை மேசையைக் கடைக்குள்ளே தள்ளிப் போடுங்கள்: திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒற்றை ஹோர்னின் சத்தம் 6 டெசிபல் குறையும். சுவர்கள் எதிரொலிப்பதால் கடைக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும், செலவில்லாத வழி இதுதான்.

கேள்வி (மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு வாசகி): வாவிக்கு எதிர்க்கரையிலுள்ள சந்தியின் வாகனச் சத்தம் பகலில் அவ்வளவாகக் கேட்பதில்லை. இரவில் வாகனங்கள் குறைந்த பின்னர்தான் பக்கத்து வளவில் நிற்பதுபோலக் கேட்கிறது. ஏன்?

பதில்: பகலில் வெயிலேறிய தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்து உங்கள் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. காற்றசையாத தெளிந்த இரவுகளில் தரையோரக் காற்று முதலில் குளிர்கிறது. அப்போது அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து வருகிறது. இடையில் கிடக்கும் வாவியோ மரமும் மதிலும் இல்லாத வெளி. அலையில்லாத நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சாமல் தெறிக்கவிடும். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்க அமைதியான இரவு தேடிப் போவதற்கும் இந்த ஓய்ந்த பொழுதுதான் காரணம். அதே பொழுது சந்தியின் ஹோர்னையும் கொண்டுவந்து தருகிறது. உங்கள் வீடு கிழக்குக் கரையிலானால், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கூடும். ஐரோப்பாவுக்கென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல், இரவில் வீதிச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. வேலியோரம் ஒரு வரிசை மரம் நட்டால் சத்தம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிழல் கிடைக்கும், சத்தம் நிற்காது. படுக்கையை வாவியைப் பாராத அறைக்கு மாற்றுங்கள்.