விரதமும் வயிறும்: அறுபதைக் கடந்தவர்களின் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மூட்டுவலியும் மலச்சிக்கலும் பின்னுக்குப் போய், விரதம் முன்னால் வந்து நிற்கும். முதலில் கந்த சஷ்டி, அடுத்துக் கார்த்திகைச் சோமவாரம், தீபம், அதன் பின் மார்கழி ஏகாதசி என்று வரிசையாக வருகின்றன அல்லவா! அரசு மருத்துவமனையின் உணவுப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்திலும், வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போய் மயங்கி விழுந்த பெரியவர்களை இந்த மாதங்களில் படுக்கையில் பார்த்திருக்கிறேன். நானும் சஷ்டி விரதம் இருப்பவள்தான். அதனால், ‘இந்த வயதில் விரதம் எதற்கு?’ என்று யாரையும் கேட்க மாட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

எனக்கு 69 வயது. கல்யாணமான நாளிலிருந்து கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் நான்காம் நாள் திருச்செந்தூரில் வரிசையில் நிற்கும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முருகன் சோதிக்கிறான் என்று நினைத்தேன். மகன் இந்த வருடம் போகவே கூடாது என்கிறான். - வாசகி, தூத்துக்குடி

அம்மா, அது சோதனை இல்லை. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளம்தான் அந்த வியர்வையும் நடுக்கமும். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். வயிறு காலியாக இருந்தால், இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் அது இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை வேறு வகை. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். கூடவே உடம்பின் நீரும் போகும். அதோடு பட்டினியும் சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம்.

அதனால், சஷ்டிக்கு ஒரு வாரம் முன்பே மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ‘ஆறு நாள் இன்னின்னதுதான் சாப்பிடப் போகிறேன்’ என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று அவர் எழுதித் தருவார். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, தாமாகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது இன்னொரு பக்கத்து ஆபத்து.

நான் இருக்கும் விரதத்தைச் சொல்கிறேன். காலையில் சர்க்கரை போடாத பால். உச்சிப்பொழுதில் பாசிப்பயற்றுக் கஞ்சி. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு மீண்டும் பால், ஒரு கொய்யாப்பழம். அரிசிச் சோறு இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. நடுநடுவே தண்ணீரும் நீர்மோரும் உண்டு. நாள் முழுவதும் வாழைப்பழமாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாகத் தள்ளாடும், புரதமும் போதாது. ஜவ்வரிசிக் கஞ்சி அதைவிட மோசம். மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தைத் தவிர அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

திரும்பவும் நடுக்கம் வந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. பிறகு வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். விரதம் முறிந்துவிடுமே என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை அளக்கும் கருவியில் 70க்குக் கீழே காட்டினால், நடுக்கம் இல்லாவிட்டாலும் இதையே செய்யுங்கள்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, அம்மாவைத் தடுக்காதீர்கள். அந்தக் கருவியையும் எடுத்துக்கொண்டு கூடவே போங்கள்.

என் மாமியாருக்கு 78 வயது. மாமனார் காலமான நாளிலிருந்து ஒருபொழுதுதான். மதியம் ஒரு கைப்பிடி சோறு, ரசம், மோர், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் 50 கிலோவிலிருந்து 44 கிலோவாக இளைத்துவிட்டார். போன மாதம் குளியலறையில் விழுந்தார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. நான் ஏதாவது சொன்னால், ‘நான் சாப்பிட்டு யாருக்கு என்னம்மா ஆகவேண்டும்’ என்று அழுகிறார். - வாசகி, சிதம்பரம்

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இதில் முதல் நோய்.

கணவனை இழந்த பெண் வயிற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் ஊர்களில் பல குடும்பங்கள் வைத்திருந்த கொடுமை. பக்தி என்று பெயர் சூட்டியதால் அது பக்தியாகிவிடாது. அந்தக் காலத்தில் இதை யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். பாட்டியும் அத்தைகளும் அப்படி இருந்ததைப் பார்த்தே வளர்ந்திருப்பார். அதனால், ‘அதெல்லாம் மூடப்பழக்கம்’ என்று நீங்கள் வாதாடினால், தன் வீட்டுப் பெரியவர்களைப் பழிப்பதாகவே அவர் காதில் விழும்.

முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்ததை ஒருபொழுதின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, பி12 எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லையும் பார்க்க வேண்டும். மெல்ல முடியாததை, பசியில்லை என்று சொல்லி மறைக்கிற பெரியவர்கள் உண்டு. பி12 சத்து பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடும் முதியவர்களுக்குக் குறைந்தால் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், மறதி கூடும். அவர் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது தசை. பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. இருபது வயதில் போனது சீக்கிரம் திரும்பிவிடும். எழுபதுக்கு மேல் போனதை மீட்பது பெரும்பாடு. இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். அவருக்கு அது 44 கிராம். இப்போது சாப்பிடுவதில் அதில் பாதிகூடக் கிடைக்காது.

அவருடைய ஒருபொழுதை உடைக்காமலே இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. சோறு ஒரு வேளைதான் என்பதே ஒருபொழுது. இரவில் பலகாரம், பால், பழம் சாப்பிடுவதை நம் வழக்கம் என்றுமே மறுத்ததில்லை. ஆகவே காலைப் பூஜையில் ஒரு டம்ளர் பாலை நைவேத்தியம் வைத்து, பிரசாதமாகக் கையில் கொடுங்கள்; அதில் 6 கிராம். மதியச் சோற்றில் 30 கிராம் பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்துப் பிசைந்து போடுங்கள். அதில் 7 கிராம். மோருக்குப் பதில் கெட்டித் தயிர். மாலை விளக்கேற்றும்போது பாசிப்பயற்றுச் சுண்டல், அல்லது பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்த கஞ்சி. இரவு இரண்டு இட்லி அல்லது ஒரு அடை. சோற்றையும் இட்லியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 40 கிராமை நெருங்கிவிடும். கைப்பிடி அளவு சாப்பிடுகிறவருக்கு ஒரே நாளில் இதையெல்லாம் ஊட்ட முயலாதீர்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காலைக்கு ஐந்து, மாலைக்கு ஐந்து. நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். சாப்பாட்டில் சேரும் புரதம் தசையாவதற்கு இந்த உழைப்பு தேவை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியை இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.

‘யாருக்கு என்ன ஆகவேண்டும்’ என்பதற்கு மட்டும் கஞ்சியில் பதில் கிடையாது. அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? அப்படியானால் நாளையிலிருந்து நீங்களும் அவரோடு உட்காருங்கள். சிதம்பரத்திலிருந்து வடலூர் தொலைவில்லை. 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அங்கே எரிகிறது. ஒருநாள் அழைத்துப் போங்கள். பசித்த உயிருக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று சொன்னவர் அவர். அந்தப் பசித்த உயிர்களின் கணக்கில் தானும் உண்டு என்பதை உங்கள் மாமியார் அந்த இடத்தில் உணரக்கூடும். நீங்கள் எடுத்துச் சொல்லவே வேண்டியிருக்காது.

அப்பாவுக்கு 81 வயது. சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. ரமலான் நோன்பு இந்த முறையும் வைப்பேன் என்கிறார். - வாசகி, கீழக்கரை
எனக்கு 76. திருப்பலிக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால், ஞாயிறு காலைகளில் தலைசுற்றலோடு பூசை காண்கிறேன். - வாசகர், நாகப்பட்டினம்

இருவருக்கும் அவரவர் மார்க்கமே விடை தந்திருக்கிறது. நோயாளிகளுக்கு நோன்பில் விலக்கு உண்டு. முதுமையாலும் தீராத நோயாலும் முடியாதவர், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். சிறுநீரகம் பழுதானவர் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆபத்து. மகள் சொன்னால் கேட்கமாட்டார். அவர் மதிக்கும் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரையும் டாக்டரையும் சொல்லவையுங்கள். நாகப்பட்டினம் ஐயா, அந்த ஒரு மணி நேர விதி முதியவர்களையும் நோயாளிகளையும் கட்டுப்படுத்தாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. தவக்கால ஒருசந்தியும் 59 வயது முடிந்தவர்களுக்குக் கட்டாயமில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகக் கோயிலுக்குப் போங்கள். தலைசுற்றல் அதன் பிறகும் வந்தால் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய் கிரிவலம் வர ஆசை. வயது 72. நெடுநாள் சர்க்கரைக்காரன். செருப்பில்லாமல் நடக்கலாமா? - வாசகர், வேலூர்

வேண்டாம் ஐயா. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நெடுநாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். முள் குத்துவதும் தெரியாது, சூடும் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் நடந்து, வீட்டுக்கு வந்த பிறகே கொப்புளத்தைக் கண்டவர்களுக்கு நான் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிலருக்கு அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது.

தீப நாள் நெரிசலை விட்டுவிட்டு, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் ஆட்டோ வைத்துக்கொண்டு போங்கள். எட்டு லிங்கங்களிடமும் இறங்கி நின்று கும்பிடுங்கள். மலையைச் சுற்றியது சுற்றியதுதான். திரும்பி வந்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இதைத் தினமும் செய்வது நல்லது.

74 வயது, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். என் மனைவி ஆறு மாதத்துக்கு முன் இறந்துவிட்டாள். காலையில் பிரெட், மதியம் தயிர்சாதம் ஊறுகாய், இரவு டீயும் பிஸ்கட்டும். எதிலும் ருசியில்லை. அவள் ஏற்றிவந்த விளக்கை ஏற்றவும் மனம் வரவில்லை. - வாசகர், கும்பகோணம்

ஐயா, விளக்கைப் பற்றி உங்களை யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. கடவுள் காத்திருப்பார். ஆனால் சாப்பாடு காத்திருக்காது.

ருசி மங்குவதற்குத் துக்கம் மட்டும் காரணமாக இருக்காது. சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். வயதாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகும். அதனால்தான் கை ஊறுகாயைத் தேடுகிறது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயை நம்பிச் சாப்பிட்டால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். உப்புக்குப் பதில் எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், புதினா, கொத்தமல்லி இவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

சமைக்கத் தெரியாதவர் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். சின்னக் குக்கரில் அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு கேரட், ஒரு பிடி முருங்கைக்கீரை, சீரகம், மஞ்சள்தூள். தண்ணீர் தாராளமாக ஊற்றி நான்கு விசில் விடுங்கள். இரண்டு வேளைக்கு வரும். முட்டை சாப்பிடுகிறவரானால் தினம் ஒன்று வேகவைத்துக்கொள்ளுங்கள். 6 கிராம் புரதம் அதிலேயே கிடைத்துவிடும். பிஸ்கட் இருந்த இடத்தில் வறுத்த நிலக்கடலை. பல் இடம் தராவிட்டால் பொடித்துச் சாப்பிடுங்கள்.

வாரத்தில் சில நாளாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தமிழகக் கோயில்கள் பலவற்றில் 2002 முதல் மதிய அன்னதானம் நடக்கிறது. உங்கள் ஊரில் கோயிலுக்குப் பஞ்சமா? அதில் போய் உட்காரக் கூச்சமாக இருந்தால், பரிமாற வருகிறேன் என்று கேளுங்கள். இலை போடவும் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டித்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அதே பந்தியில் நீங்களும் சாப்பிடலாம். தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் நாட்கள் நீண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

இதயத்தில் வால்வு மாற்றியவன் நான். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை சேர்க்கலாமா? - வாசகர், ஸ்ரீரங்கம்

ஏகாதசி விரதத்தை மறுநாள் துவாதசியில் முடிக்கும் பாரணைக்கு ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். கீரைகளில் உள்ள வைட்டமின் கே, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை. வாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் கீரையே தொடாமல் துவாதசியன்று மட்டும் கிண்ணம் நிறையச் சாப்பிடுவதுதான் தவறு. நெல்லிக்காய்ப் பச்சடி வழக்கம்போல் இருக்கட்டும். அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பாரணை நாளையும் கீரையின் அளவையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.